கூட்டலம்மா எழுதிய அந்த ஒரு வரி

ஆய்வகத்தின் மூன்றாவது மாடியில் அவளைக் கூட்டலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிற பெயர். அவளும் ஏதோ விருது வாங்கியவள் மாதிரி அதை ஏற்றுக்கொண்டிருந்தாள். எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலையாக அதிலிருக்கும் எண்களின் கூட்டுத்தொகை என்ன என்று பார்ப்பாள். அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, தேதி போட்டு, மேஜைக்கு எதிரே உள்ள பலகையில் குண்டூசியால் குத்துவாள். சீட்டு ஏறிய பிறகுதான் கோப்பு மேற்கொண்டு நகரும். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூட அவள் சீட்டு குத்தும்வரை வாசலில் பொறுமையாக நின்றுதான் ஆக வேண்டும்.

அவள் அங்கே வந்தது இருபத்தைந்து வயதில், மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு. பழைய நோட்டுகளில் இருந்த எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. மூன்று மாதம் முடிந்த அன்று, நோட்டுகளில் இருந்த பத்தொன்பது தவறுகளைத் தனித்தாளில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள். அவள் தட்டச்சில் விட்ட தவறுகள் இல்லை, நோட்டு எழுதிய பெரியவர்கள் விட்டவை. அப்புறம் அவளை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. பிற்பாடு புரோகிராம் எழுதுகிறவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட, அவர் விட்டுப்போன தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டாள். இப்போது வயது ஐம்பத்திரண்டு.

அந்த ஆய்வகத்தின் வேலை வானத்தைக் கணக்கெடுப்பது. எங்கோ ஒரு மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கி படம் பிடித்து அனுப்பும். அதிலுள்ள கோடிக்கணக்கான கேலக்ஸிகள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன, எங்கே கூட்டம் போட்டிருக்கின்றன என்று இவர்கள் அளந்து சொல்வார்கள். அளந்தால் போதாது. அளவு எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். ஒன்று தப்பானால் கூடவே எதெது தப்பாகும் என்றும் சொல்ல வேண்டும். சர்க்கரையையும் மாவையும் ஒரே கப்பில் அளந்து, கப் சிறியதாக இருந்துவிட்டால், இரண்டும் சேர்ந்துதானே குறையும். அந்த மாதிரி எது எதோடு சேர்ந்து ஆடும் என்று சொல்லும் பெரிய அட்டவணைக்குக் கோவேரியன்ஸ் என்று பெயர். அதைப் போட்டுத் தரும் மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதினார்கள். அதற்குள் நுழையும் பட்டியல்களைச் சோதிக்கும் முன்பகுதி மட்டும் கூட்டலம்மா தனியாக எழுதியது. பதினொரு வருடமாக ஓடுகிறது.

வருகிற பட்டியல்களில் முக்கியமானது தூரப் பட்டியல். மொத்தக் கேலக்ஸிகளில் எவ்வளவு பங்கு எந்தத் தூரத்தில் இருக்கிறது என்று வரிவரியாகச் சொல்வது. ஒவ்வொரு வரியின் எண்ணையும் அடுத்த வரிவரை உள்ள இடைவெளியால் பெருக்கினால் அந்த வரியின் பங்கு கிடைக்கும், எல்லாப் பங்கும் சேர்ந்தால் ஒன்று வர வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ அதற்குமேல் கட்டுகிற எல்லாமே கோணலாகும். வராததை ஒன்றுக்குக் கொண்டுவருவதைத்தான் நார்மலைஸ் பண்ணுவது என்பார்கள். இந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கூட்டலம்மா வீட்டில் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமில்லை.

"எவ்வளவு படிச்சவங்களா இருந்தாலும் சரி, பட்டியல் ஒண்ணுக்கு வராமத்தான் கொண்டு வருவாங்க. என் புரோகிராம் வாயே திறக்காது. சத்தமில்லாம சரி பண்ணி உள்ளே அனுப்பிடும்" என்பாள்.

மாடி வீட்டில் குடியிருக்கும் நாத்தனார், தினமும் சாயங்காலம் கீழே வந்து டீ குடிப்பவள், விடமாட்டாள். "அண்ணி வானத்தையே எண்ணி வெச்சிருக்காங்க. வீட்டுச் சாவி எங்கேன்னு மட்டும் நான்தான் தேடிக் குடுக்கணும்."

கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதே பிழைப்பு என்பதால் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து பேச அவருக்கு அவசரமே கிடையாது. சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவி வைத்துவிடுவார்.

இந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தவர் தாடிக்காரர். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர், ஒப்பந்தத்தில் வந்த ஆராய்ச்சியாளர். இரண்டு வருடமாக உட்கார்ந்து புதிய தூரப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்திருந்தார். பழைய பட்டியல்களில் எல்லா வரிகளுக்கும் நடுவே ஒரே இடைவெளி. இவருடையதில் கடைசிப் பகுதியில் மட்டும் இடைவெளி இரட்டிப்பு. ரொம்பத் தூரத்தில் இருப்பது நமக்கு மங்கலாகத்தான் தெரிகிறது, அதைப் பொடிப்பொடியாகப் பிரித்துக் காட்டுவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய் என்பது அவர் கட்சி.

பட்டியல் வந்தது. கூட்டலம்மாவின் புரோகிராம் கூட்டுத்தொகை ஒன்று என்று காட்டியது, சீட்டு பலகையில் ஏறியது. ஆனால் வெளியே வந்த அட்டவணையில் பிழை அளவு கால்வாசிக்கும் மேல் கூடியிருந்தது. அதாவது இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு, முன்பு தெரிந்ததைவிடக் குறைவாகத்தான் தெரியும் என்று சொல்ல வேண்டிய நிலைமை. மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் அதே.

குழுவின் தலைவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. "வியாழக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம். பழைய பட்டியலுக்கே போயிடலாம்னுதான் எனக்குத் தோணுது" என்றார். பட்டியல் போனால் தாடிக்காரரின் இரண்டு வருடம் போகும், ஒப்பந்தத்தை நீட்டவும் காரணம் இருக்காது. இது எல்லாருக்கும் தெரியும். கூட்டலம்மாவுக்கும் தெரியும். அவளுடைய சீட்டே அவருக்கு எதிரான சாட்சி ஆகியிருந்தது. உள்ளே போனது சரியான கூட்டல் என்று சீட்டு சொல்கிறதே, அப்புறம் பட்டியலில்தானே கோளாறு என்று எல்லாரும் பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் தாடிக்காரர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்திருந்த வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. என் பட்டியலை உள்ளே போடறதுக்கு முன்னாடி கூட்டிப் பார்த்தீங்களா?"

"சீட்டுல போட்டிருக்கே. ஒண்ணு."

"அது உங்க புரோகிராம் சொன்னது. அதுக்கு முன்னாடி?"

கூட்டலம்மாவுக்குச் சுருக்கென்றது. பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "சாப்பிட்டுட்டு வாங்க. கூட்டி வைக்கிறேன்" என்றாள். குரலில் இருந்த சூட்டில் அவர் சாப்பிடப் போய்விட்டார்.

மேஜை இழுப்பறையிலிருந்து பழைய கால்குலேட்டரை எடுத்தாள். ஒரு மனிதரைத் தப்பு என்று காட்டுவதற்காக இவ்வளவு உற்சாகமாக அவள் எதையும் கூட்டியதில்லை. ஒவ்வொரு வரியையும் அதனதன் இடைவெளியால் பெருக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள். டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. கடைசி வரி முடிந்தபோது விடை ஒன்று. அச்சு அசலாக ஒன்று. மறுபடி கீழிருந்து மேலாகக் கூட்டினாள். அதே ஒன்று.

நல்லது, பட்டியல் சரியாகத்தான் வந்திருக்கிறது என்று எழுந்திருக்கப் போனவளை இன்னொரு எண்ணம் இழுத்து உட்கார வைத்தது. வரும்போதே ஒன்றாக இருந்தால் புரோகிராமுக்குத் திருத்த ஒன்றும் இருந்திருக்காதே. திருத்தியதா, இல்லையா? அவள் புரோகிராம் திருத்தும்போது யாருக்கும் சொல்லாது. எந்த எண்ணால் வகுத்தது என்பதை மட்டும் ஓர் ஓரத்துக் கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பை அவளே திறந்து வருடக்கணக்காகிறது. திறந்தாள். வகுத்த எண் பூஜ்யம் புள்ளி எட்டு ஏழு.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. முழுசாக வந்ததைப் புள்ளி எட்டு ஏழால் வகுத்து ஊதிப் பெருக்கி உள்ளே அனுப்பியிருக்கிறது. அதற்குமேல் கட்டியது எல்லாம் ஊதிவிட்டது, பிழை அளவு உட்பட. அனுப்பிய பிறகு, கூட்டுத்தொகை ஒன்று என்று அவளிடமே வந்து சொல்லியிருக்கிறது.

புரோகிராமைத் திறந்து அந்த வரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. எழுதிய கைக்கு இடம் தெரியும். முதல் இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை எடு, அதையே கடைசி வரைக்கும் போட்டுக் கூட்டு, வந்த தொகையால் எல்லாவற்றையும் வகு. எல்லா இடைவெளியும் ஒன்றாக இருந்த காலத்தில் அது சரி. தாடிக்காரரின் பட்டியலில் கேலக்ஸிகளில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே இருப்பது இரட்டை இடைவெளிப் பகுதியில். அதைப் பாதியாக எண்ணிவிட்டு, குறைகிறதே என்று மொத்தத்தையும் உயர்த்தியிருக்கிறது.

எழுதிய நாளும் ஞாபகம் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒன்றுக்கு வராத பட்டியல் வந்தால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்வாள். சொன்னால் அவர்கள் முகம் சுருங்கும், சிலர் சண்டைக்கே வருவார்கள். சொல்லாமலே சரிசெய்துவிட்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை, தனக்கும் மனசுக்குள் ஒரு கெத்து. அந்தக் கெத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு திருத்தும்படி எழுதினாள். வேறு யாரும் சொல்லி எழுதவில்லை.

எதிரே பலகை முழுக்க மஞ்சள் சீட்டுகள். ஒன்று, ஒன்று, ஒன்று. அவளையே அவள் சரி என்று சொல்லிக்கொண்ட சீட்டுகள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவள் உடனே எழுந்து ஓடித் தப்பை ஒத்துக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் செய்தது வேறு. கதவைச் சாத்திவிட்டு அந்த வரியைத் திருத்தினாள். நாலு நிமிட வேலை. மறுபடி ஓட்டினாள், ஒரு மணி நேரத்தில் அட்டவணை வந்தது. பிழை அளவு இறங்கியிருந்தது, பழைய பட்டியலுக்கு வந்ததைவிடவும் கொஞ்சம் கீழே. இனி தலைவருக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும்: மறுபடி ஓட்டினேன், இப்போது நன்றாக வந்திருக்கிறது. தாடிக்காரரும் பிழைத்தார், அவள் பெயரும் பிழைத்தது. கணினி ஏதோ மக்கர் பண்ணியிருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த வாக்கியத்தை எழுதினாள். அனுப்பாமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள். நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ன அண்ணி, இன்னைக்கு உங்க புரோகிராம் எதையும் சரி பண்ணலையா? இதையும் சத்தமில்லாம சரி பண்ணியிருக்கலாமே."

கேலிக்குத்தான் சொன்னாள். கூட்டலம்மா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கணவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னாள், கால்குலேட்டர் முதல் அனுப்பாத வாக்கியம் வரை. நாத்தனார் கேலியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

கணவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "இதே மாதிரி வேற யாராவது பட்டியல் வந்து, இப்படி ஊதிப்போய், நமக்குத் தெரியாம போயிருந்தா?"

"அதைத்தாங்க நானும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள். "சொல்லாம சரி பண்ணா பழசை யாரு போய்ப் பார்ப்பாங்க?"

புதன்கிழமை காலை ஏழரைக்கே ஆய்வகத்தில் இருந்தாள். பலகையிலிருந்த சீட்டுகளையும் டப்பாக்களில் போட்டு வைத்திருந்த பழையவற்றையும் தேதி வாரியாக எடுத்து வைத்தாள். தாடிக்காரருடையதைத் தவிர மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பட்டியல்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இடைவெளியால் பெருக்கிக் கூட்டும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இருநூற்றுப் பதினொன்றில் இடைவெளி ஒரே மாதிரி. பழைய வரி அவற்றைக் கெடுக்கவில்லை. ஒன்றே ஒன்றில், ஆறு வருடத்துக்கு முந்தையது, நடுவில் ஒரு வரி விடுபட்டிருந்தது. பாதிப்பு மிகச் சின்னது. அதைக் கொடுத்தவருக்கும் கடிதம் எழுதி வைத்துக்கொண்டாள். மாலை நாலு மணிக்கு, முந்தின நாள் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை அழித்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். நீள மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர், சுவரில் திரை. கூட்டலம்மா இந்தக் கூட்டங்களில் கோப்பு வந்தது, வரவில்லை என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை. தலைவர் தொண்டையைச் செருமுவதற்குள் எழுந்து நின்றாள்.

"சார், எனக்கு முதல்ல அஞ்சு நிமிஷம் வேணும்."

திரையில் அந்த வரியைப் போட்டாள். வேறு ஒன்றும் போடவில்லை.

"இந்த வரி என்னுது. நான் எழுதினது. எல்லாப் பட்டியலும் ஒரே இடைவெளியிலதான் வரும்னு நானா முடிவு பண்ணி எழுதிட்டேன். இவர் பட்டியல் வரும்போதே சரியா ஒண்ணுக்கு வந்துச்சு. என் புரோகிராம்தான் அதைக் கெடுத்துச்சு. கெடுத்ததையும் யார்கிட்டயும் சொல்லல, ஏன்னா சொல்லாத மாதிரி எழுதினதும் நான்தான்."

அப்புறம் திருத்திய அட்டவணையைக் காட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பட்டியல்களின் கணக்கைக் காட்டினாள். விடுபட்ட அந்த ஒரு வரியையும் காட்டினாள். சப்பைக்கட்டு கட்ட ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தாடிக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பகுதியைப் பரிசோதிச்சுக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்கதான் சார்" என்றாள் கூட்டலம்மா.

யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். "அப்போ ரெண்டு பேர் தப்பு. எழுதிக்குங்க. பட்டியல் இருக்கட்டும்" என்றார். தாடிக்காரரின் இரண்டு வருடம் அந்த ஒரு வார்த்தையில் தப்பியது. அவர் எழுந்து வந்து நன்றி சொல்லவெல்லாம் இல்லை. கூட்டம் முடிந்ததும் அவள் அறைக்கு வந்து, வாளி நிரம்பியிருப்பதைப் பார்த்து, எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றே புரோகிராமை மாற்றினாள். இப்போது அது எதையும் தானாகத் திருத்தாது. நின்றுவிடும். நின்று, திரையில் மூன்று வாக்கியம் காட்டும்: கூட்டினால் ஒன்று வரவில்லை. நான் கை வைக்கவில்லை. கொடுத்தவர் வந்து பார்க்கவும். முதல் ஆறு மாதத்திலேயே ஏழு கோப்புகள் நின்றன. பல ஊர்களிலிருந்தும் தொலைபேசி. இத்தனை நாள் நன்றாகத்தானே போனது என்று எல்லாரும் எரிந்து விழுந்தார்கள். "போச்சு. நான்தான் போக விட்டேன். இனி விடமாட்டேன்" என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள். நின்றுபோனதில் நாலாவது கோப்பு தலைவருடையது. அவரும் வாசலில் வந்துதான் நின்றார்.

எட்டு மாதம் கழித்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. முதல் பக்கம் நிறைய எண்பத்து மூன்று பெயர்கள். நடுவில் எங்கேயோ அவள் பெயரும் இருந்தது, முதல்முறையாக. கணவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தை ஃப்ரேம் போட்டுவிடலாம் என்று தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"அந்தப் பக்கம் வேண்டாங்க. பதினாலாவது பக்கத்தை எடுத்துட்டுப் போங்க."

பதினாலாவது பக்கத்தில் தாடிக்காரர் எழுதிய ஒரு வாக்கியம் இருந்தது. உள்ளீட்டுப் பட்டியலை நார்மலைஸ் செய்யும் வரியில் பிழை இருந்ததாகவும், அதை எழுதியவரே கண்டுபிடித்து, பதினொரு வருடப் பட்டியல்கள் அனைத்தையும் மறுபடி சரிபார்த்ததாகவும்.

நாத்தனாருக்குத் தாங்கவில்லை. "தப்பு பண்ணதை யாராவது ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்களா அண்ணி?"

"பண்ணதுக்கா மாட்டறேன்? கண்டுபிடிச்சதுக்கு மாட்டறேன். எண்பத்து மூணு பேர்ல வேற யாரு கண்டுபிடிச்சாங்க?"

மறுநாள் நாத்தனார் தெருமுனைக் கடையில் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாளாம். எங்க அண்ணி தப்பு பண்ணா அதை எங்க அண்ணியாலதான் கண்டுபிடிக்க முடியும், மத்தவங்களுக்கு அவ்வளவு மூளை கிடையாது என்று. காதில் விழுந்தபோது கூட்டலம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

ஃப்ரேம் ஹாலில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஏறியது. ஆணி அடித்தது அவள்தான், கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, கணவர் ஓசைப்படாமல் நாற்காலியைப் போட்டு ஏறி, அதை நேராக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல, லேசா சாஞ்சிருந்துச்சு."

"சரி பண்ணுங்க, நல்லதுதான்" என்றாள் கூட்டலம்மா. "ஆனா சொல்லிட்டுப் பண்ணுங்க."